நைனாவின் முதலாம் ஆண்டு நினைவு மடல்: என்ன எழுதுவது? (தங்கவயல்காரர்கள் உதவவும்)

உரிகம் வாசி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தகப்பனாருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நான்கு பக்கத்தில் ஒரு மடல் அச்சிடலாம் என்று தம்பியும் நானும் பேசி முடித்தோம். அச்சகத்துக்காரர் ஆயத்த வாசகம் ஒன்றை எடுத்து நீட்டினார். ‘தன்னை உருக்கி எமக்கு ஒளி தந்த தியாகச் சுடரே’ என்று தொடங்குகிறது. பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதுமாம். நைனா உருகி நான் பார்த்ததில்லை. மீன்குழம்பில் புளி குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற ஆள் அவர். அந்த வாசகத்தைப் போட்டால் ஊரில் அவரை அறிந்தவர்கள் வேறு யாருக்கோ அடித்த நோட்டீஸ் என்று நினைப்பார்கள்.

நாமே எழுதலாம் என்றால் என் கையில் சரக்கு குறைவு. 1937இல் பிறந்தார். 1955இல் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் சேர்ந்தார். 1995இல் ஓய்வு பெற்றார். வேலை டிம்பர்மேன். கீழே என்ன செய்தார் என்று வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை. நான் வளர்ந்த நாட்களில் ஒன்று ஷிஃப்டில் இருப்பார், இல்லாவிட்டால் தூங்குவார். இரவு ஷிஃப்ட் வாரம் வந்தால் பகல் முழுவதும் வீட்டில் சாடைப் பேச்சுத்தான். அம்மா பாத்திரத்தைக்கூடத் துணி விரித்து அதன்மேல் வைப்பார். தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் தெருவிலும் கத்தி விளையாட முடியாது. கண்ணாமூச்சிதான் விளையாடுவோம், சத்தமில்லாத ஆட்டம் அது ஒன்றுதானே.

டிம்பர்மேன் வேலை பற்றித் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குச் சயனைடு மேடு (தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் குவியல்) என்றால் படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்று மட்டும்தான் தெரியும்.

மலைக்கோட்டை

ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் நான்கு பக்கம் அதிகம் ஐயா. படம், தோற்றம், மறைவு, குடும்பத்தார் பெயர்கள், ஒரு குறள். சாப்பாட்டுப் பந்தியில் கொடுக்கும் தாளை யாரும் படிப்பதில்லை. கை துடைத்துக்கொள்வார்கள்.

குடியாத்தம் பையன்

மலைக்கோட்டையாரே, உங்கள் ஊரில் துடைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி அடுத்த சண்டைக்கு ஆதாரமாக எடுத்து வருவார்கள், யார் பெயர் விட்டுப்போனது என்று.

உரிகம் அண்ணா, என் பாட்டியின் அண்ணனும் குடியாத்தத்திலிருந்து அங்கே போனவர்தான். பன்னிரண்டாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கினேன் என்று சொல்வார். உங்கள் நைனாவும் அவ்வளவு ஆழம் போயிருப்பார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

குடியாத்தம் தம்பி, அங்கே சொல்லப்படும் ஆழம் ஆண்டுக்கு ஆயிரம் அடி கூடிக்கொண்டே போகிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர். அதாவது பத்தாயிரத்து ஐந்நூறு அடியை ஒட்டி வரும். அதுவே உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கூட்டிச் சொல்ல அவசியமில்லை. மேலும், ஒரே கூண்டில் ஏறி அடிவரை போய்விட முடியாது. ஒரு ஷாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், பாதி இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, அடுத்த ஷாஃப்டின் கேஜில் ஏற வேண்டும். கடைசி மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே ஒரு குளிரூட்டு நிலையம் அமைத்துக் காற்றைக் கீழே தள்ளினார்கள். அது வந்து சேரும்போது குளிர்ச்சி பெயரளவில்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது டிம்பர்மேன். நான் அவர்களோடு நிறைய நாட்கள் இறங்கியிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வெடி வைத்துக் கல்லை அள்ளிய பிறகு தலைக்குமேல் பாறை தாங்கலில்லாமல் நிற்கும். அதற்கு அடியில் மற்றவர்கள் வேலை செய்யலாமா, கூடாதா என்று முடிவு செய்வது டிம்பர்மேனின் காதுதான். நீண்ட கடப்பாறையால் கூரையைத் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று ஒலித்தால் பாறை திடமாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கடப்பாறையால் நெம்பி விழவைக்க வேண்டும், அல்லது முட்டுக்கொடுக்க வேண்டும். மரத்தை அளந்து வெட்டி, நிறுத்தி, தலையில் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கூரைவரை மேடை எழுப்புவதும் உண்டு. தங்கவயலில் கருங்கல்லால் முட்டுச்சுவர் கட்டும் வழக்கமும் இருந்தது. பிறகு கான்கிரீட் வந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் மரத்தைத்தான் நம்பினார்கள். பளு ஏறினால் மரம் முனகும், நார்நாராகப் பிரியும். ஓடுவதற்கு நேரம் கொடுக்கும். கல் முன்னறிவிப்பு கொடுக்காது.

ஆகவே உங்கள் தகப்பனார் தங்கம் எடுத்தவர் என்று எழுதாதீர்கள். தங்கம் எடுத்தவர்களின் தலைமேல் கல் விழாமல் பார்த்துக்கொண்டவர். சுரங்கத்தில் இரண்டும் வேறு வேறு வேலைகள்.

உரிகம் வாசி

சர்வேயர் ஐயா, கை கூப்புகிறேன். நாற்பது ஆண்டு அவர் செய்த வேலை இன்னதென்று எனக்கு இன்றுதான் உருவமாகத் தெரிகிறது.

நீங்கள் கல்லைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கீழே பளு தாங்காமல் பாறை தானாக வெடித்தால் மேலே எங்கள் வீடுகளும் ஆடும். அலமாரியில் அடுக்கிய தட்டுகள் சலசலக்கும். உடனே லைன் முழுக்கக் கதவுகள் திறக்கும். யார் எந்த ஷிஃப்ட் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்; ஆண்கள் கீழே இருக்கும் வீடுகளுக்கு மற்றவர்கள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அப்படி ஓர் இரவில் நைனா கீழே இருந்தார். அம்மா அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கேழ்வரகுக் களி கிளற ஆரம்பித்துவிட்டார், அந்த நடுராத்திரியில். விடிந்து வெகுநேரம் கழித்து நைனா வந்தார். குளித்தார், களியைச் சாப்பிட்டார், ‘உப்பு கம்மி’ என்றார், படுத்துவிட்டார். நாங்கள் மறுபடியும் சாடைப் பேச்சுக்குத் திரும்பினோம்.

இதை மடலில் போடலாமா? தம்பி வேண்டாம் என்கிறான், உப்பு விஷயம் அம்மாவுக்குக் குறைவாம்.

இன்னொன்றும் கிடைத்தது, அவருடைய பழைய காகிதங்களில். அவர் சேரும்போது ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனி. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. நான்கு முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறார், வேலை செய்யும் இடத்தை ஒருமுறைகூட மாற்றாமல்.

பங்காருப்பேட்டை ரயில்

உப்பு விஷயத்தைக் கட்டாயம் போடுங்கள். அந்த வரி இருந்தால் மலைக்கோட்டையாரின் பந்தியிலும் கை துடைக்க மாட்டார்கள்.

மூக்குத்தி

அப்பா, இந்த இழையைச் சித்தப்பா எனக்கு அனுப்பினார். நான்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நீங்கள் எழுதியிருக்கும் மனிதரை எனக்குத் தெரியாது.

‘வாய் திறந்ததே இல்லை’ என்று என் தாத்தாவைப் பற்றியா சொல்கிறீர்கள்? அவர் வாயை மூடவைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தா ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். நான் பள்ளியில் சேர்ந்த வேளையில், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பிருந்தே பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் எழுவதற்குள் ரயிலுக்குப் போயிருப்பார். திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் நிலை. பள்ளி வாசலில் சாயங்காலம் நிற்பவர்களெல்லாம் தாத்தாக்கள். தங்கவயலில் எங்கள் வயதுப் பிள்ளைகளை வளர்த்தது ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள்தான். இதை யாரும் எங்கும் எழுதுவதில்லை.

பள்ளியில் எனக்குக் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து தாத்தா கொடுத்தது. முந்தைய நாள் செய்தித்தாளைத் தேநீர்க் கடையிலிருந்து வாங்கி வந்து, தலைப்புகளை வாசிக்கச் சொல்வார். ழகரம் சரியாக வராவிட்டால் அந்தச் செய்தி முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அவருடைய அப்பா, சாம்பியன் ரீப்பில் பௌத்த சங்கத்தார் நடத்திய கூட்டங்களுக்குப் போய் எழுத்துக் கற்றவர் என்று சொல்வார். தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அந்த ஊரிலிருந்துதான் வெளியிட்டது என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. 1954இல் அம்பேத்கர் தங்கவயல் வந்தபோது தாத்தாவுக்கு 17 வயது. கூட்டத்தில் தலைகளைத்தான் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொல்வார். ‘பார்த்தேன்’ என்று சொன்ன மற்ற தாத்தாக்களையெல்லாம் புளுகர்கள் என்பார்.

சர்வேயர் தாத்தா, தட்டிப் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பெங்களூரில் வாடகை வீடு பார்த்தபோது அவரையும் அழைத்துப் போனேன். வீட்டுக்காரர் குழாய், மின்விசிறி எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். இவர் எதையும் கேட்கவில்லை. நடுவிரல் கணுவை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனார். ஜன்னல் மூலையில் நின்றார். காதை வைத்தார். மறுபடி இரண்டு தட்டு, சற்று மேலே ஒரு தட்டு. ‘இங்கே பொள்ளல். காரை மட்டும்தான் நிற்கிறது, கட்டில் போடாதே’ என்றார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மழைக்காலத்தில் அதே மூலையில் காரை பெயர்ந்து விழுந்தது. முன்பணத்தில் அதைக் கழிக்கப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை.

உரிகம் வாசி

நீயா? சரி, இருக்கட்டும். எல்லார் முன்னாலும் அப்பாவை மறுத்துப் பேசும் பழக்கம் அவரிடமிருந்துதான் உனக்கு வந்தது.

நீ சொல்லும் மனிதர் எனக்கு வாய்க்கவில்லை அம்மா. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது தெருமுனை வாத்தியார். நீ அவரோடு செய்தித்தாள் படித்த அதே திண்ணையில் நான் அவர் விழித்துவிடக் கூடாதே என்று மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. எழுதினால் இரண்டு பேரையும் எழுத வேண்டும். உன் தாத்தாவை மட்டும் போட்டால் அது என் நைனாவின் நினைவு மடல் ஆகாது.

குடியாத்தம் பையன்

இரண்டு பேருக்கும் தனித்தனியே ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாமே. முதல் பக்கம் நைனா, எதிர்ப்பக்கம் தாத்தா.

மூக்குத்தி

இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பா?

தாத்தா பக்கத்துக்கு இன்னொரு கதை உண்டு. ஆனால் அதை நம்பலாமா என்று யாராவது சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் பம்பாயிலிருந்து படித்தவர்கள் வந்து இரும்பையும் விளக்குகளையும் அடுக்கி, வானத்திலிருந்து வரும் எதையோ பிடித்தார்கள் என்பார். ‘வானத்தில் வருவதைப் பிடிக்க மொட்டை மாடிக்குப் போகாமல் எதற்கு தாத்தா குழிக்குள் வந்தார்கள்?’ என்று கேட்டால், ‘அதைத்தான் நானும் கேட்டேன்’ என்று சிரிப்பார். அவருடைய பெருமைகளில் பாதி கலப்படம். தங்கவயலுக்கு 1902இலேயே மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905இல்தான் வந்தது என்பார். அதைத் தேடிப் பார்த்தேன், உண்மை. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி இழுத்திருக்கிறார்கள். பெங்களூர்க்காரன் எங்களைப் பார்த்துத்தான் விளக்கு ஏற்றினான் என்று அதற்கு அவர் ஒட்டுப்போடுவது வேறு.

ஓய்வுபெற்ற சர்வேயர்

கலப்படமே இல்லை பேத்தி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்தார்கள். ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965இல் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை மனிதர் முதன்முதலாகக் கண்டது அந்த ஆண்டுதான். தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அதே சமயத்தில் கண்டார்கள்.

மொட்டை மாடியில் மற்ற அண்டக் கதிர்களும் கொட்டும். எது எது என்று பிரிக்க முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறையை வைத்து வடிகட்டினால் மற்றவை அநேகமாக நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் சர்வசாதாரணமாக ஊடுருவி வரும். அதற்குத்தான் குழி. பிற்பாடு 1980களில் அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க மறுபடி வந்து இரும்புத் தகடுகளை அடுக்கினார்கள். அந்தக் கருவிகளின் தலைக்குமேலும் பாறைதான். அதையும் யாரோ ஒரு டிம்பர்மேன் தட்டிப் பார்த்திருக்கத்தானே வேண்டும்?

மலைக்கோட்டை

இந்த இழையை நான் அலட்சியமாகத் திறந்தேன். நியூட்ரினோ வரைக்கும் வந்துவிட்டது. ஆறு பக்கம் போடுங்கள் ஐயா, நான் தடுக்கவில்லை.

வெள்ளுடை

நான் செவிலியாக இருந்தவள். ஒன்று கேட்கலாமா? எல்லோரும் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். மூச்சு எப்படி இருந்தது கடைசிக் காலத்தில்?

உரிகம் வாசி

இருமல் இருந்தது. கடைசி ஆண்டுகளில் படுத்துத் தூங்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார். ஆஸ்துமா என்றுதான் சீட்டில் எழுதியிருந்தார்கள். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. இதெல்லாம் நினைவு மடலுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வெள்ளுடை

சீட்டைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாக மட்டும் சொல்கிறேன். படிகக்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் மெல்லிய தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். வேலையை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அது வளரும். சிலிகோசிஸ் என்பார்கள். காசநோயும் அதன்மேல் எளிதாகத் தொற்றும். இந்தியாவில் முதன்முதலாக அதைப் பதிவு செய்தது 1934இல், கோலார் தங்கவயலில்தான். தொழில்நோய்க்கான நட்டஈட்டுச் சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. ஓய்வுபெற்ற ஒருவரின் இருமலைப் பார்க்கும் மருத்துவரிடம் ‘என்ன வேலை பார்த்தார்’ என்று வீட்டார் சொன்னால்தான் அந்தக் கோணத்தில் எக்ஸ்ரேயைப் பார்ப்பார்கள். உங்கள் தெருவில் இன்னும் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருப்பார்களே.

மூக்குத்தி

இருக்கிறார்கள் அம்மா. எதிர் லைனிலேயே இருக்கிறார்கள்.

அப்பா, இதைப் போட வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரே ஒரு வரி. ‘கடைசி ஆண்டுகளில் மூச்சுக்குச் சிரமப்பட்டார்.’ நாற்காலியில் தூங்கினார் என்பதையும் போடுங்கள். அந்த நாற்காலிக்குத் தலைப்பக்கம் முட்டாக ஒரு கட்டையை அவரே அளந்து இழைத்துச் செருகினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இன்னும் இரண்டு பேர் வந்து செய்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பங்காருப்பேட்டை ரயில்

உரிகம் அண்ணா, நானும் உங்களைப்போல் அந்த ரயிலில் போய் வருகிறவன்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஏறிக்கொண்டே வருவார்கள். பங்காருப்பேட்டையில் நிற்கவும் இடமிருக்காது. என் மகனையும் என் அப்பாதான் வளர்க்கிறார். உங்கள் மகள் எழுதியதைப் படித்த பிறகு அவரிடம் இரண்டு வார்த்தை கூடப் பேசலாம் என்று போனேன். ‘என்ன, சம்பளம் வரவில்லையா?’ என்று கேட்டார்.

உரிகம் வாசி

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் வந்திருக்கும்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியும் நானும் உட்கார்ந்து ஒரு வரைவு எழுதினோம். முதல் பக்கம்:

‘எங்கள் நைனா 1955 முதல் 1995 வரை கோலார் தங்கவயலில் டிம்பர்மேனாக வேலை செய்தார். மற்றவர்கள் வேலை செய்யும் இடத்தின் கூரையைத் தட்டிப் பார்த்து, மரம் நிறுத்துவது அவருடைய பணி. பகலில் தூங்கினார். பேச்சுக் குறைவு. கோபம் உண்டு. பாறை வெடித்த ஓர் இரவுக்குப் பின் வீடு திரும்பி, களியில் உப்புக் குறைவு என்று சொன்னார். எங்களைச் சுரங்கத்தில் சேர்க்க மறுத்துவிட்டார். அதற்குக் காரணம் சொல்லவில்லை. கடைசி ஆண்டுகளில் மூச்சுக்குச் சிரமப்பட்டு, தாமே முட்டுக்கட்டை செருகிய நாற்காலியில் தூங்கினார்.’

எதிர்ப்பக்கத்தை மகளே எழுதட்டும். வாடகை வீட்டுச் சுவர், ழகரம், நியூட்ரினோ மூன்றும் இருக்க வேண்டும். பெங்களூர்க்காரன் எங்களைப் பார்த்து விளக்கு ஏற்றிய கதை வேண்டாம், சம்பந்தி வீட்டார் பெங்களூர்.

மூக்குத்தி

அந்தக் கதைதான் முதல் வரி. சம்பந்தி வீட்டாரிடமே நேரில் சொன்னவர் அவர். களியில் உப்பை எடுக்கச் சொல்லிச் சித்தப்பா இன்னும் கேட்கிறாரா?

உரிகம் வாசி

கேட்கிறான். அம்மாவையே கேட்டுவிட்டேன். ‘அன்றைக்கு நான் உப்பே போடவில்லை, கை நடுங்கியதில் மறந்துவிட்டேன். அந்த மனிதர் கம்மி என்று சொன்னாரே, அதுவே பெரிது. அப்படியே போடு’ என்கிறார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், ஆண்டுகளைச் சரிபார்த்துத் தருகிறேன். ‘பணி’ என்பதை ‘வேலை’ என்று மாற்றுங்கள். குடியாத்தம் தம்பியிடம் ஆழத்தை மட்டும் கேட்காதீர்கள்.

மலைக்கோட்டை

எனக்கும் ஒரு பிரதி தபாலில் கிடைக்குமா? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.